மணலைச் சுத்தமாக வைக்கும் உயிர்கள்: உப்புநீர்த் தொட்டியில் நான்கு வருட அனுபவம்

இந்த ஆகஸ்டோடு என் உப்புநீர்த் தொட்டிக்கு நான்கு வயது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 250 லிட்டர். மணலும் பாறையும் போக 200 லிட்டர் தண்ணீர் இருக்கும். அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு அரகோனைட் என்னும் வெள்ளைச் சுண்ணாம்பு மணல், சுமார் 30 கிலோ. சென்னை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது, 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். மீன்கள்: ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று டாம்சல், இரண்டு கார்டினல், பிறகு வந்த கோபி ஒன்று. பாறைகள் செராமிக்கில் செய்தவை.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மீனைப் பற்றி அல்ல, மணலைப் பற்றித்தான். "எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு, உள்ளே என்ன விட்டிருக்கீங்க?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. நான்கு வருடத்தில் விட்டவை பல, இழந்தவையும் பல.

2021 ஆகஸ்டில் தொட்டியைத் தொடங்கினேன். ஐந்தாவது வாரம் மணல் முழுக்கப் பழுப்பாகப் படிந்தது. டயட்டம் என்னும் நுண்பாசி அது. புதுத் தொட்டியில் எல்லோருக்கும் வரும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அது அன்று எனக்குத் தெரியாது. பதறிப்போய் ஒரே நாளில் இருபது நசாரியஸ் நத்தை, பத்து செரித் நத்தை, காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு ஆறு, மணலைக் கிளறும் நட்சத்திர மீன் ஒன்று என்று வாங்கி வந்து விட்டேன். இரண்டு வாரத்தில் பழுப்பு மறைந்தது. இவைதான் சுத்தம் செய்தன என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நசாரியஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடக்கும். சின்னத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டு இறால் தொட்டியில் விழுந்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் அங்கங்கே மணல் வெடித்து ஒவ்வொன்றாக மேலே வரும். முதல் முறை பார்த்தபோது என் மகள் கை தட்டினாள். மீன்கள் விட்ட தீனி, செத்த உயிர் இவைதான் அதன் சாப்பாடு. பாசியைத் தொடாது, மீனின் கழிவையும் சாப்பிடாது. இதைத் தெரியாமல் பாசிக்காக வாங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறைபடுகிறவர்கள் நிறைய. அது செய்யும் பெரிய வேலை வேறு: புதைந்தும் எழுந்தும் நகர்ந்தும் மணலின் மேல் அங்குலத்தை இறுக விடாமல் வைத்திருக்கும். அந்த நகர்வால்தான் மணலுக்குள் ஆக்ஸிஜன் இறங்குகிறது.

செரித் நத்தை இதற்குத் துணை. கூம்பு மாதிரி நீளமான ஓடு. மணல் மேலும், கண்ணாடியும் மணலும் சேரும் ஓரத்திலும் பாசியை மேயும், கொஞ்சம் புதையவும் செய்யும். பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு வகைதான் வைக்கலாம் என்றால் நான் செரித்தைத்தான் எடுப்பேன்.

ஹெர்மிட் நண்டுகள் எனக்கு ஒத்துவரவில்லை. வளர வளர அவற்றுக்குப் பெரிய ஓடு வேண்டும். காலி ஓடு போட்டு வைத்தேன்; இருந்தும் உயிரோடு இருந்த செரித்தைப் பிடுங்கித் தின்றுவிட்டு அதன் ஓட்டுக்குள் குடியேறியதைக் கண்ணாலேயே பார்த்தேன். பத்து செரித் ஐந்து மாதத்தில் நாலாயின.

நட்சத்திர மீன் விஷயம் இன்றும் மனதை உறுத்துகிறது. ஆஸ்ட்ரோபெக்டன் வகை. மணலுக்கு அடியிலேயே நகர்ந்துகொண்டிருக்கும், மேலே ஒரு நட்சத்திரத்தின் தடம் மட்டும் தெரியும், அவ்வளவு அழகு. அது அழுக்கைத் தின்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது தின்பது மணலில் வாழும் உயிர்களை: சின்னப் புழுக்கள், சிப்பிகள், குட்டி நத்தைகள். அதாவது மணலை உயிரோடு வைத்திருக்கிறவற்றையே அது காலி செய்கிறது. என் தொட்டியில் இருந்த ஆறு சதுர அடி மணல் அதற்கு எத்தனை நாளைக்குக் காணும்? 2022 ஏப்ரலில் கைகளின் நுனி கரையத் தொடங்கியது. இறால் துண்டை அடியில் வைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. பத்து நாளில் போய்விட்டது. பட்டினியால் செத்தது என்று பிறகுதான் புரிந்தது. என் அளவுத் தொட்டி வைத்திருக்கிற யாரும் அதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த அடி 2023 ஜனவரியில். மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு கடையில் காப்பர் (செம்பு) மருந்து கொடுத்து, தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். நத்தைகள் இருக்கின்றன என்று சொன்னேன், ஒன்றும் ஆகாது என்றார்கள். மறுநாள் காலை நசாரியஸ் எல்லாம் மணல் மேல் கவிழ்ந்து கிடந்தன. மீனுக்கு மருந்தாகும் அளவு காப்பர், நத்தை, நண்டு, இறால் எல்லாவற்றுக்கும் விஷம். அதோடு முடியவில்லை. காப்பர் மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். 30 கிலோ மணலையும் அள்ளி வெளியே போட்டேன், பாறைகளையும் மாற்றினேன், வடிகட்டியில் கார்பன் போட்டு வாராவாரம் தண்ணீர் மாற்றினேன். காப்பர் டெஸ்ட் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகுதான் மறுபடி நத்தை பக்கம் போனேன். மீனுக்கு மருந்து என்றால் தனித் தொட்டிதான். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு ஏர் பம்பும் இருந்தாலே ஒன்றிரண்டு சின்ன மீனுக்குப் போதும். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 மே மாதம் புது மணலில் இரண்டாம் முறை. இந்தத் தடவை பன்னிரண்டு நசாரியஸ், பதினைந்து செரித், வேறெதுவும் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து இரண்டு மணி நேரம் பழக்கிய பிறகுதான் உள்ளே விட்டேன். நத்தைகளுக்கு உப்பின் அளவு சட்டென்று மாறினால் தாங்காது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. முதல் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். தீனியே போடாத நேரத்தில் நசாரியஸ் அத்தனையும் மணலை விட்டு வெளியே வந்து, கண்ணாடியில் ஏறி, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மணலிலும் அடித் தண்ணீரிலும் ஆக்ஸிஜன் குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். மீன்கள் அப்போது சாதாரணமாகத்தான் இருந்தன. பேட்டரி ஏர் பம்பு ஒன்றுக்கு இரண்டாக ஓட விட்டேன், நடுநடுவே குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒரு மீனும் சாகவில்லை. அந்த நத்தைகளுக்கு நான் கடன்பட்டவன்.

2024 பிப்ரவரியில் கோபி மீன் வந்தது. உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி உள்ள வகை. கடையில் டைமண்ட் கோபி என்பார்கள். வாய் நிறைய மணலை அள்ளும், மென்று செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும். அரிசியில் கல் அரிக்கிற மாதிரி நாள் பூராவும் இதே வேலை. "இது என்ன, மண்ணையே தின்னுது?" என்று அம்மா கவலைப்பட்டார். மணலைத் தின்பதில்லை, மணலில் இருக்கும் குட்டி உயிர்களைச் சலித்து எடுக்கிறது. முதல் வாரம் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அப்புறம் மணல் வெளுத்த வெளுப்பு இருக்கிறதே, வேறு எந்த உயிரும் எந்தக் கருவியும் அதைச் செய்ததில்லை.

ஆனால் நட்சத்திர மீனுக்கு நேர்ந்ததேதான் இதற்கும் நேரும், நாம் ஊட்டாவிட்டால். மூன்றாவது வாரமே அதன் வயிறு ஒட்டிப்போய்த் தலைக்குப் பின்னால் சதை வற்றியது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை மைசிஸ் என்னும் பொடி இறால், மணலுக்குப் பக்கத்தில் குழாய் வைத்துக் கொடுக்கிறேன். ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது: தீனியும் கழிவும் சிதைந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் முன்பு 10-ல் நிற்கும், கோபி வந்த பிறகு 30 வரை போனது. வாரம் பத்து சதவீதம் மாற்றிய தண்ணீரை இருபதாக்கினேன். வேளைக்கு ஊட்ட வீட்டில் ஆள் இல்லை என்றால் கோபி வேண்டாம்.

கோபி வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். பாறை மணல் மேல் உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் குழி தோண்டிச் சாய்த்துவிடும். பாறையை முதலில் கண்ணாடி மேல் நிறுத்தி, பிறகு மணல் போட வேண்டும். அடுத்தது, அது குதிக்கும். வலை மூடி கட்டாயம்.

கடல் அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணலை விழுங்கி, அதில் இருக்கும் கரிமப் பொருளை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைக் கயிறு கயிறாக வெளியே விடுகிற உயிர் அது. இந்த வேலைக்கென்றே பிறந்தது. வெளிநாட்டில் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் தேடுகிறார்கள். எனக்கும் ஒருவர் ரகசியமாகத் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். 2001-ல் எல்லாக் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்களும் கடல் குதிரையும் அப்படியே. என் தொட்டியில் பவளம் இல்லாததற்கும் பாறை செராமிக்காக இருப்பதற்கும் அதுதான் காரணம். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையை எடுத்ததற்காகச் சிறைக்குப் போகிறவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலின் மணலுக்கு அது தேவை. தவிர, தொட்டியில் அது மிரண்டாலோ பம்பில் சிக்கினாலோ வெளியிடும் நஞ்சு மீன்கள் அத்தனையையும் கொன்றுவிடக்கூடும்.

விலை கொடுத்து வாங்காமலே வந்து சேர்ந்தவையும் உண்டு. செரித் ஓடுகளோடு வந்திருக்க வேண்டும், மயிர் மயிராக முள் உள்ள புழுக்கள். பார்த்ததும் அருவருப்பாகப் பிடித்து எறியத் தோன்றும். வேண்டாம். நத்தை நுழைய முடியாத பாறை இடுக்கில் அழுகுவதை அவைதான் தீர்க்கின்றன. வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முள் குத்தினால் இரண்டு நாள் எரியும்.

இத்தனை உயிர் இருந்தும், மணலிலிருந்து அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயை நான் கைவிடவில்லை. நத்தை தின்றதும் தண்ணீருக்குள்ளேயேதான் கழிக்கிறது. அழுக்கு உருவம் மாறுகிறதே தவிரத் தொட்டியை விட்டு வெளியே போவதில்லை. வெளியேற்றுவது தண்ணீர் மாற்றுவதும், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியும்தான். வாரம் கால்வாசி மணல், மாதத்துக்கு ஒரு சுற்று என்று லேசாக உறிஞ்சுகிறேன். சென்ற கோடையில் இடது மூலையில் சிவப்பாக வழவழவென்று சயனோ (பாசி போலத் தெரியும் பாக்டீரியா) படர்ந்தது. கோபியும் அதைத் தொடவில்லை, நத்தையும் தொடவில்லை. அங்கே நீரோட்டம் போகவில்லை என்று கண்டுபிடித்து, நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் போய்விட்டது.

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு எண்ணினேன். மணலில் ஒன்பது தும்பிக்கை. விட்டது பன்னிரண்டு, மூன்றின் காலி ஓடுகளை இரண்டு வருடத்தில் எடுத்திருக்கிறேன். குளத்தூர் மீன் கடைகளுக்குப் போகும்போது மூன்று வாங்கி வரலாமா என்று யோசித்தேன். கோபி சிந்துகிற தீனி இந்த ஒன்பதுக்கே அளவாக இருக்கிறது. வாங்கவில்லை.