சிங்கிளா, முழு டேக்கா? ஜேம்ஸ் பிரவுனோட 1965 ரெக்கார்டிங்

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோட 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டை எந்த வெர்ஷன்ல கேக்கறது, தனி ரெக்கார்டா வந்த சுருக்கமான சிங்கிளா, ஸ்டுடியோல வாசிச்சது வாசிச்சபடி இருக்கற முழு டேக்கான்னு குழம்புறவங்களுக்கு.

வேகம்: சிங்கிளுக்காக டேப்பை வெட்டி ஸ்பீடையும் ஏத்திட்டாங்க, கூடவே சுருதியும் ஏறிடுச்சு. முழு டேக் நிதானம், கிட்டத்தட்ட 7 நிமிஷம்.

கிட்டார்: பேண்ட் மொத்தமா நிக்கிற இடத்துல கிட்டாரிஸ்ட் ஜிம்மி நோலன் மட்டும் சரசரன்னு ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களை) வெட்டி வெட்டி அடிப்பார் பாருங்க, அதுக்காகவே எத்தனை தடவை வேணா கேக்கலாம், ஆனா ஸ்லோவா இருக்கறதால முழு டேக்லதான் ஒவ்வொரு அடியும் தனித்தனியா காதுல விழும்.

சாக்ஸ் (சாக்ஸபோன்): மேசியோ பார்க்கர் முழு டேக்ல தாராளமா வாசிக்கிறார். பாட்டுக்கு முன்னாடியே பிரவுன் இது ஹிட்டுன்னு கத்துறதும் அதுல இருக்கு!

கிடைக்கறது: சிங்கிள் ஈஸி. முழுசு 1991ல வந்த 'ஸ்டார் டைம்' பாக்ஸ் செட்ல.

ஆடணும்னா சிங்கிள். ஃபங்க்ங்கற தாள அடி தூக்கலான இசை உருவாகறதை உக்காந்து கேக்கணும்னா முழு டேக், ஹெட்போன்ல.