கருப்பு மருதாணி பாக்கெட்: ஒரு நட்சத்திரம்

'மூலிகை மருதாணி' என்று கொட்டை எழுத்தில் போட்டு இலைப் படமும் ஒட்டிய தலைச்சாயப் பாக்கெட், தெருமுனைக் கடையில் வாங்கினேன், பிராண்ட் பெயர் வேண்டாம். நிறம் அருமை, அரை மணி நேரத்தில் கன்னங்கரேல். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும்.

இரண்டாம் நாள் காலை காதுக்குப் பின்னால் அரிப்பு, நெற்றியோரம் நீர்க்கொப்புளம், சாயங்காலத்துக்குள் ஒரு கண் இமை வீங்கி பாதி மூடிக்கொண்டது. தோல் டாக்டர் பாக்கெட்டைத் திருப்பி, அடியில் எறும்பு சைஸில் அச்சடித்திருந்த பாரா ஃபீனைலீன் டையமைன் என்ற கருஞ்சாய ரசாயனத்தைக் காட்டினார், அதற்கான ஒவ்வாமையாம். இறால் சாப்பிட்டதும் சிலருக்குத் தடிக்குமே, அது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் வேலை, பெரும்பாலும் நிமிடங்களில் வந்துவிடும். இது டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் செய்வது, நான்காம் வகை ஒவ்வாமை, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியுமாம். முன்பு நாலைந்து தடவை போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அப்போதுதான் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது என்றார்.

முழங்கை மடிப்பில் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள் என்று உள்ளே தாளில் போட்டிருந்தது, நான் படிக்காமல் கசக்கி எறிந்தேன், சரி, அது என் தப்பு. அப்புறம் முகப்பில் 'மூலிகை' எதற்கு?