தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லையாம்: குளம் துடைக்கும் ரோபோ விற்ற கடை பற்றி ஓர் எச்சரிக்கை

பினாங்கில் நீச்சல் குளம் துடைக்கும் ரோபோ வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி அதன் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு அந்த அட்டை பெட்டிக்குள் ஒட்டி மூடப்பட்டு, வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. அதில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘நீர் புகுந்து ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது.’ தண்ணீருக்குள்ளேயே வேலை செய்யவேண்டிய இயந்திரத்துக்கு இப்படி ஒரு விதியை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக் குளத்துக்காக வாங்கியது அது. அத்தானுக்கு இடுப்பு வலி; நீளக் கழி பிடித்துக் குளத்தைத் தேய்க்க முடியவில்லை. மின்கலத்தில் ஓடும் கம்பியில்லா ரோபோ, விலை 4,600 ரிங்கிட். கடையில் இருந்த தம்பி நன்றாகப் பேசினார். “அண்ணே, சுவரில் பல்லி மாதிரி ஏறும். அது எங்கே துடைக்கிறது என்பதைக் கைப்பேசியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே நீங்கள் தே தாரிக் குடிக்கலாம்” என்றார். குளத்துச் சுவரில் என்ன பதித்திருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. நாங்களாகவே சொன்னோம், வழுவழுப்பான மொசைக் ஓடு என்று. “எல்லாச் சுவரிலும் ஏறும்” என்று பதில் வந்தது.

ஏறவில்லை. முன்பக்கத்தைத் தூக்கும், அரை உயரம் போகும், சறுக்கி விழும். இந்த வகை ரோபோ சுவரில் நிற்பதற்குக் காரணம் எளிது. உள்ளே இருக்கும் பம்பு அடிப்பக்கத்தால் நீரை உறிஞ்சி, வடிகட்டி வழியாக மேல்பக்கத்தில் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் எதிர்விசை உடலைச் சுவரோடு அழுத்துகிறது. உடலில் பொருத்திய மிதவைகள் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. எஞ்சியது பிடிமானம்; அதைத் தரவேண்டியது தூரிகை. சொரசொரப்பான சிமெண்டுச் சுவருக்குப் பி.வி.சி. தூரிகை போதும். பளபளப்பான ஓட்டில் அது வழுக்கும், அங்கே பி.வி.ஏ. என்னும் நுரைப்பஞ்சு உருளை வேண்டும். காய்ந்தால் மரக்கட்டைபோல் இறுகி, நனைந்தால் மெத்தென்று ஓட்டைப் பற்றிக்கொள்ளும் பொருள் அது. எங்கள் பெட்டியில் இருந்தது பி.வி.சி. தூரிகை மட்டும். கேட்டபோது, நுரை உருளை தனி விலை, இப்போது கையிருப்பில் இல்லை என்றார்கள். இதை விற்பவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கைப்பேசிக் கதை இன்னும் மோசம். ரோபோ நீரில் மூழ்கியதும் செயலியில் இணைப்பு அறுந்துவிடும். செயலியைப் புதுப்பியுங்கள், மோடத்தைக் குளத்துப் பக்கம் நகர்த்துங்கள் என்று கடையில் ஏதேதோ சொன்னார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சாண் தண்ணீரைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் அடங்கிப்போகும். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவதும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்த அடுப்பே வேலை செய்கிறது. குளத்தின் அடியிலிருந்து நேரடிப் படம் வேண்டுமானால், மேலே மிதக்கும் ஆண்டெனாவோ ஒலியலைக் கருவியோ இருக்கவேண்டும். இதில் இரண்டும் இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்போம், தரையையாவது துடைக்கிறதே என்று. ஒரு நாள் நடுக்குளத்தில் நின்றுவிட்டது. கொக்கி போட்டுத் தூக்கினால், உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம். கடைக்கு அழைத்தபோது கிடைத்த ஆலோசனைக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்: “இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சார்ஜ் போட்டுப் பாருங்கள்.”

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் அயன் மின்கலம். ஈரம் பட்டு அரித்துப்போன மின்கலத்தில் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றலாம். பற்றினால் எளிதில் அணையாது. பினாங்கு வெயிலில் மூடிய பெட்டியைக் கிடத்துவது அந்த ஆபத்தைக் கூட்டும். அக்கா வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நாங்கள் அதை வீட்டுக்கு வெளியே, நிழலில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்தோம். கூடவே கொடுத்த சார்ஜரில் சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று முத்திரையும் இல்லை. இரண்டு முனைப் பிளக், அதற்கு ஒரு மாற்றி.

குளத்தில் குளோரின் அதிகம், அதனால்தான் பழுது என்று அடுத்த பல்லவி. அளந்து படம் அனுப்பினோம்: 2 பி.பி.எம்., கார அமில அளவு 7.4. இரண்டும் வழக்கமான வரம்புக்குள்தான். பிறகு, உத்தரவாதம் செல்லாது என்று எழுத்திலேயே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பின்னர்தான், படம் எடுத்துக்கொண்டே இயந்திரத்தைத் திறந்தேன். நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். இதுதான் என் பிழைப்பு. மேல் மூடியின் ரப்பர் வளையம் அதற்குரிய பள்ளத்தில் உட்காரவே இல்லை. தொழிற்சாலையில் மூடியை இறுக்கியபோதே ஒரு பக்கம் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. மோட்டார் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரே ஓர் அடைப்பு வளையம். அது விட்டால் தடுக்க அடுத்தது எதுவும் இல்லை. மின்னணுப் பலகையைப் பிசின் ஊற்றி மூடும் வழக்கமான பாதுகாப்பும் இல்லை. உள்ளே காற்றை ஏற்றி அழுத்தம் குறைகிறதா என்று சில நிமிடம் பார்த்திருந்தாலே இந்தக் குறை தொழிற்சாலையிலேயே தெரிந்திருக்கும்.

பெட்டியின் மேல், தூசியும் நீரும் புகாமல் காக்கும் தரத்தைச் சொல்லும் ஐ.பி. 68 என்ற குறியைப் பெரிதாக அச்சிட்டிருந்தது. 6 என்பது தூசிக்கு. 8 என்பது தொடர்ந்து மூழ்கியிருப்பதற்கு. ஆனால் எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லவேண்டும். அந்த இரண்டும் இல்லாத 68 வெறும் அலங்காரம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. மாதக்கணக்கில் குளோரின் நீரில் சுழலும் தண்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் அதன் வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அட்டையில் ஒரு வரி அச்சிட்டு அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. அக்கா பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதாக இருக்கவேண்டும். மனுவின் நகல் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரருக்குத் திடீர்ப் பாசம். பாதி விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். “பணத்தைக் கொடுங்கள், பொருள் வேண்டாம்” என்று அக்கா சொல்லிவிட்டார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

அது முடியும் வரை கடையின் பெயரை எழுதமாட்டேன், கேட்டு வற்புறுத்தாதீர்கள். ஆனால் ஜார்ஜ்டவுன் பக்கம் இதே மாதிரிக் கம்பியில்லா ரோபோ வாங்கி, ‘நீர் புகுந்தது’ என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ரசீதும், கடை மறுத்து எழுதிய செய்தியும் கைவசம் இருக்கட்டும். மறுப்பு எழுத்தில் வரும் முன் இயந்திரத்தில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றினால் அதையே காரணமாகக் காட்டிவிடுவார்கள்.