டீப்கூல் ஏகே400: காரைக்குடி வெயிலில் ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்களுக்கு

ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசசர் வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் செய்து (அதாவது இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டி) பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் பகுதிக்குள்) நுழையும் முன் ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரை மாற்றிவிடுங்கள், நம்ம ஊர்ப் பக்கம் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். ப்ராசசர் பெட்டியிலேயே வரும் ரைத் ஸ்டெல்த் கூலர், 65 வாட் ப்ராசசரை அதன் இயல்பான வேகத்தில் ஓட்டுவதற்குத்தான். ஏசி அறையில் உட்கார்ந்து ஒருத்தர் வீடியோவில் காட்டும் சூட்டு அளவை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அறையில் 10 டிகிரி கூடினால் ப்ராசசரிலும் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் வீடியோ ரெண்டர் போடுகிறவர்களுக்கு இது நல்லாவே தெரியும்.

அதனால்தான் டீப்கூலின் ஏகே400 கூலர் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. நான்கு செம்புக் குழாய், ஒரு 120 மிமீ ஃபேன், அவ்வளவுதான், தண்ணீர்க் கூலர் மாதிரி பம்ப் கெட்டுப்போகுமோ தண்ணீர் கசியுமோ என்ற கவலை கிடையாது. ப்ராசசரை முழுவேகத்தில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 ஓடும்போது பழைய கூலரில் எண்பதுகளின் கடைசியில் நின்ற சூடு இதில் எழுபதைச் சுற்றியே நிற்கிறது, அதுவும் மே மாத மத்தியானத்தில், ஏசி இல்லாமல். 5600-இன் உச்ச வரம்பு 90 டிகிரி. அதற்குக் கீழே கிடைக்கும் இந்த இடைவெளிதான் ஓவர்கிளாக்குக்கு நம் கைமுதல்.

வாங்கும் முன் கேபினெட்டை அளந்து பாருங்கள், கூலரின் உயரம் 155 மிமீ, ஒல்லியான கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. பழைய கூலரைக் கழற்றும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும்: கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் இளகியதும், பவரை அணைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு திருகுகளையும் எடுத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் ப்ராசசரில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் வேலை கெட்டது. திருகு கழன்றதும் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடும் கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி ஓவர்கிளாக். வோல்டேஜைக் கையால் ஏற்றி எல்லாக் கோரையும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை) ஒரே வேகத்தில் பூட்டுவது புதியவர்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பயாஸில் பிபிஓவை (ப்ராசசர் தன் வேகத்தைத் தானே கூடுதலாக ஏற்றிக்கொள்ள விடும் வசதியை) ஆன் செய்து, அதிலுள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 போட்டுப் பாருங்கள். அது வோல்டேஜைக் குறைக்கிறது, சூடு குறைகிறது, ப்ராசசர் தானாகவே கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் அதிக நேரம் ஓடுகிறது. அப்புறம் ஐந்து ஐந்தாகக் கீழே போகலாம். முழு லோடில் நன்றாக ஓடுகிறதே என்று அத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் மைனஸ் அதிகமானால் பெரும்பாலும் சும்மா இருக்கும்போதோ பிரவுசர் திறக்கும்போதோதான் ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்கிளர் என்ற மென்பொருள் ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், ராத்திரி ஓடவிடுங்கள், சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். அது நிலையாக நின்ற பிறகு வேண்டுமானால் உச்ச வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டலாம். ஸ்கிரீன் வரவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், கிளியர் சிமோஸ் செய்தால் (பயாஸ் செட்டிங்கை அழித்தால்) எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும்: பிபிஓவால் ப்ராசசர் பழுதானால் ஏஎம்டி வாரண்டி தராது.

மார்கழியில் போட்ட செட்டிங்கை சித்திரையில் மறுபடி சோதிக்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. வளவை (வீட்டின் நடு முற்றத்தை) ஒட்டிய பழைய உள்ளறை இருந்தால் கேபினெட்டை மாடியிலிருந்து அங்கே இறக்குங்கள், அந்தக் கனத்த சுவருக்குள் மத்தியானச் சூடு தாமதமாகத்தான் ஏறும். நம்ம செம்மண் தூசி ஃபேனுக்குப் பின்னால் கூலர் தகடுகளின் இடுக்கில் அப்பிக்கொள்ளும், கிளிப்பைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பழைய பி450 மதர்போர்டில் 5600 ஓட பயாஸ் அப்டேட் தேவைப்படலாம், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஏ320, ஏ520 வகை மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஓவர்கிளாக் வசதியே கிடையாது. ஆனால் வெயில் காலத்தில் ப்ராசசர் கொதிக்கிறது என்றால் அவர்களும் இந்தக் கூலரைத் தாராளமாக வாங்கலாம்.