வேன் ஹேலன் மொத ஆல்பம், 45 ஸ்பீடு ஒன்-ஸ்டெப் பாக்ஸ்: ரெண்டு மாசம் கேட்டுட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடறேன், வேன் ஹேலன்ற அமெரிக்க ராக் பேண்டோட மொத ஆல்பத்த திரும்பப் போட்ட ரெக்கார்டு பொட்டி இது, குடுத்த காசுக்கு ஏத்த சரக்கு தான், ஆனா உங்க பிளேயர் செட்டிங் சரியா இல்லன்னா இதுல காச போடாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். எங்க சித்தப்பா பாண்டியில இருக்காரு, பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன சொல்தா, அவர் அங்கிருந்து வரும்போது கொண்டாந்த எல்பி பொட்டில தான் இந்த ஆல்பத்த மொத மொத பாத்தேன், அப்ப நான் பத்தாவது படிக்கிறேன், லீவுக்கு அவங்க வீட்டுக்குப் போனா நாள் பூரா அதான் ஓடும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல்ல அவர் வீட்டுக்குள்ள தண்ணி வந்து கீழ் ரூம்ல இருந்த பொட்டி மொத்தமும் ஊறிப்போச்சு. அட்டையெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிகிச்சு, பிரிச்சா தோல் உரியற மாரி உரியுது. அதுல இதுவும் போச்சு. சரி, இந்த ஒன்ன மட்டுமாவது நல்லதா வாங்கிடலாம்னு தான் மொபைல் ஃபிடிலிட்டி கம்பெனி போட்ட அல்ட்ராடிஸ்க் ஒன்-ஸ்டெப்ப வெளிநாட்டுக் கடையில ஆர்டர் பண்ணேன். ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து 17,000 கிட்ட ஆயிடுச்சு. கொண்டாந்த கொரியர்காரங்க பொட்டியோட ஒரு மூலைய நசுக்கிட்டாங்க, நல்லவேளை உள்ள தட்டுக்கு ஒன்னும் ஆவல.

பொட்டிக்குள்ள ரெண்டு தட்டு, ரெண்டும் 45 ஸ்பீடு, அதாவது நிமிஷத்துக்கு 45 சுத்து. ஆல்பமே 35 நிமிஷம் சில்லறை தான், ஒரே தட்டுல அடங்கிடும், அத எதுக்கு ரெண்டா போட்டாங்கன்னா, 33ல ஓடுற எல்பில வெளிப்பக்கம் ஊசிக்குக் கீழ செகண்டுக்கு சுமாரா 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ள லேபிள் கிட்ட போவப் போவ அது 20 கிட்ட சுருங்கிடும். அதே சத்தத்த கம்மி எடத்துல அடைக்கணும், அதனால தான் எந்த எல்பியிலயும் கடைசிப் பாட்டுல ‘ஸ்’ சத்தமும் சிம்பலும் கரகரங்கும். 45ல வேகமும் ஜாஸ்தி, ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு பாட்டு தான்றதால ஊசி அவ்ளோ உள்ளயும் போவாது. இது விளம்பரத்துக்காகச் சொல்றது இல்ல, காதுல நல்லாவே தெரியுது.

ஒன்-ஸ்டெப்னா என்னன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பண்ருட்டி பக்கம் கொலு பொம்மை பண்றத பாத்திருப்பீங்க, ஒரு பொம்மைல இருந்து அச்சு, அந்த அச்சுல இருந்து பொம்மை, அதுல இருந்து திரும்ப அச்சுன்னு எடுத்தா நாலாவது கைல மூக்கும் கண்ணும் மழுங்கிடும். ரெக்கார்டும் அதே கதை தான். லாக்கர்னு சொல்ற, மேல பூச்சு போட்ட தட்டுல பள்ளம் வெட்டி, அதுமேல உலோகம் ஏத்தி ஃபாதர், அதுல இருந்து மதர், அதுல இருந்து ஸ்டாம்பர், அந்த ஸ்டாம்பர வச்சி தட்டு அழுத்துவாங்க. ஒன்-ஸ்டெப்ல மதரையும் அதுக்கு அடுத்த ஸ்டாம்பரையும் தூக்கிட்டு, லாக்கர்ல இருந்து எடுத்த மொத உலோகத்தையே ஸ்டாம்பரா வச்சி அடிக்கறாங்க. அது தேஞ்சா திரும்ப லாக்கர் வெட்றதுல இருந்து ஆரம்பிக்கணும். வெலை ஏறுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கம்பெனிய பத்தி 2022ல பெரிய சண்டையே நடந்துச்சு, முழுக்க அனலாக்னு நம்பி வாங்குன ரெக்கார்டுங்களுக்கு நடுவுல டிஜிட்டல் காப்பி ஒன்னு இருக்குன்னு வெளிய வந்துச்சு. கோவப்பட்டவங்க கோவம் நியாயம் தான், சொல்லிட்டு வித்திருக்கணும். இப்ப சொல்லிட்டுதான் விக்கறாங்க, இந்த ஆல்பத்துக்கும் மாஸ்டர் டேப்ல இருந்து டிஎஸ்டி 256ன்ற டிஜிட்டல் காப்பி, அங்கிருந்து அனலாக் கன்சோல், அப்புறம் பள்ளம் வெட்டற லேத். என் காதுக்கு அந்த நடு ஸ்டெப்பால ஒன்னும் குறைஞ்ச மாரி தெரியல. தெரிஞ்சிருந்தா எழுதிருப்பேன்.

இப்ப சத்தத்துக்கு வரேன்.

1977ல ஹாலிவுட்ல சன்செட் சவுண்டு ஸ்டுடியோவுல ரெக்கார்டு பண்ணி 1978 பிப்ரவரில வந்த ஆல்பம், டெட் டெம்பிள்மேன் புரொட்யூசர், டான் லாண்டி இன்ஜினியர். பெரும்பாலும் நாலு பேரும் சேந்து ஒரே நேரத்துல வாசிச்சத அப்படியே புடிச்சது, மேல மேல ஒட்டுனது ரொம்ப கம்மி. கிட்டாரிஸ்ட் எடி வேன் ஹேலனோட கிட்டார இடது ஸ்பீக்கர்ல வச்சிட்டு அதோட எதிரொலிய மட்டும் வலது பக்கம் போட்டிருக்காங்க. இது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், ஆனா போன்ல கேட்டா வலது பக்கம் வெறும் புகை மாரி தான் இருக்கும். இந்தத் தட்ட போட்டு ‘ரன்னின் வித் தி டெவில்’ ஓடும்போது பேலன்ஸ் திருகிய முழுசா வலது பக்கம் திருப்பிப் பாத்தேன். கிட்டார் போயிடுச்சு, அது மோதித் திரும்பற சுவர் மட்டும் கேக்குது, கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு உள்ள நடக்கற கச்சேரிய கேக்கற மாரி. திருகிய நடுவுக்குக் கொண்டாந்ததும் அந்த ரூம் அப்படியே நம்ம முன்னாடி விரியுது, கிட்டார் இடது பக்க ஸ்பீக்கருக்கும் ரெண்டடி வெளிய போய் நிக்குது. 17,000 எதுக்குக் குடுத்தேன்னு கேட்டா இந்த ரூமுக்குத் தான்னு சொல்லுவேன்.

அந்தப் பாட்டு தொடங்கும்போது வர்ற ஊளைச் சத்தம் அவங்க கார்ங்கள்ல இருந்து கழட்டுன ஹாரன், பேட்டரில கட்டி ஊத விட்டு ஸ்பீட கொறைச்சது. பழைய எல்பில அது ஒரே இரைச்சலா இருக்கும், இதுல ஹாரன் ஒவ்வொன்னும் தனித்தனியா இறங்குறது தெரியுது.

அப்புறம் ‘எரப்ஷன்’. 1 நிமிஷம் 42 செகண்டு. எடி ஷோவுக்காக ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்தத இன்ஜினியர் புடிச்சி வச்சது அது, ஆல்பத்துக்குன்னு பிளான் பண்ணதே இல்ல, ஆரம்பத்துல ஒரு தப்பு இருக்குன்னு எடியே பின்னாடி சொல்லிருக்காரு. தட்டு வந்த வாரமே சித்தப்பா கடலூருக்கு வந்தாரு, உக்கார வச்சி போட்டேன். ரெண்டு கை விரலாலயும் கம்பிய தட்டி வாசிக்கற அந்த டேப்பிங் வர்ற எடத்துல கண்ண மூடிட்டு இருந்தவரு தொறந்து, “ஏன்டா, இவன் விரல் கம்பில படறது கூட கேக்குதே, அப்பல்லாம் இது இல்லயே”ன்னாரு. “அப்பவும் இருந்துச்சு சித்தப்பா, தட்டுல ஏறல”ன்னேன். இன்னொரு தடவ போடச் சொன்னாரு, போட்டேன். ‘ஐஸ்க்ரீம் மேன்’ல பாடகர் டேவிட் லீ ராத் தானே அக்கூஸ்டிக் கிட்டார் வாசிச்சிட்டுப் பாடறாரு இல்ல, அது மட்டும் தான் தனக்குப் புடிச்சதுன்னு சின்னம்மா சொன்னாங்க, அதுலயும் அவர் மூச்சு இழுக்கறது பக்கத்துல கேக்குது.

எடி குடும்பத்த பத்தி ஒன்னு சொல்லணும். அப்பா டச்சுக்காரர், அம்மா இந்தோனேசியாவுல பொறந்தவங்க, ஹாலந்துல இருந்து 1962ல அமெரிக்கா போனாங்க. நம்ம பாண்டியில சொல்தா வீடுங்கள்ல பாத்தீங்கன்னா இதே கதை எத்தன இருக்கு. சித்தப்பாவுக்கு இவங்க மேல அவ்ளோ பிரியம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் தொழில்ல இருக்கறவங்களுக்கு இன்னொன்னு. எடி தன்னோட ஆம்புக்கு வெளிநாட்ல வேரியாக்னு சொல்ற சாமான போட்டிருந்தாரு, நம்ம கடையில அதுக்குப் பேரு டிம்மர்ஸ்டாட், வர்ற கரண்ட 90 வோல்ட் கிட்ட கொறைச்சி, மார்ஷல் ஆம்ப ஃபுல்லா திருகி வாசிப்பாரு. வோல்டேஜ் கம்மியானதால சத்தம் காதக் கிழிக்காது, ஆனா ஃபுல்லா திருகினதால வர்ற அந்த தடிப்பும் கொழகொழப்பும் அப்படியே இருக்கும். மே மாசத்துல எங்க தெருவுல 180க்கு இறங்கும்போது என் ஆம்பு என்னா மாரி மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியும், அதனால இந்த மனுசன் அத வேணும்னே பண்ணாருன்றது எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. அந்தத் தடிப்பு இந்தத் தட்டுல தான் முழுசா வருது.

குறைன்னா, ‘எய்ன்ட் டாக்கின் பௌட் லவ்’ தொடங்கறதுக்கு முன்னாடி எழுந்து போய்த் திருப்பணும். பழைய எல்பில இருக்கற மாரி மொத பக்கம் அஞ்சு பாட்டும் மூச்சு விடாம ஓடணும், அதான் அந்த ஆல்பத்தோட வேகம். அது ஒடையுது, எனக்கு இன்னும் பழகல. ‘எரப்ஷன்’ முடிஞ்ச கையோட ‘யூ ரியலி காட் மீ’ வர்றது மட்டும் ஒடையாம வச்சிருக்காங்க, அதுக்கு நன்றி. பொட்டியும் தடி, சாதாரண எல்பி அலமாரில எடத்த அடைக்குது.

வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பீட பாத்துக்குங்க. என்னோடது பழைய பெல்ட் டிரைவ், 45க்கு தட்ட தூக்கி பெல்ட்ட பெரிய புல்லிக்கு மாத்தணும், பெல்ட் லூசா இருந்தா சுருதி ஆடும், கிட்டார் நீட்டி இழுக்கற எடத்துல உடனே தெரிஞ்சிடும். ஸ்பீடு பாக்கற, கோடு கோடா போட்ட ஸ்ட்ரோப் டிஸ்க்க எல்இடி லைட்டுக்குக் கீழ வச்சா பெரும்பாலும் ஒன்னும் தெரியாது, சோக் போட்ட பழைய டியூப்லைட்டுக்குக் கீழ வைங்க, நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 33ல 180 கோடும் 45ல 133 கோடும் உள்ள வட்டம் அசையாம நிக்கணும். ஊசி வெயிட்டும் சரி பாத்துக்குங்க.

நம்ம ஊர் உப்புக் காத்துக்கு அட்டைல பூஞ்சை ரெண்டே மழைக்காலத்துல வந்துடும். நான் பொட்டிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு வச்சி மாடியில தான் வச்சிருக்கேன், கீழ் ரூம்ல இனிமே ஒரு ரெக்கார்டும் வைக்கறதா இல்ல. கடலூர் பாண்டி பக்கம் யாராவது வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழம கடை லீவு, வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, உங்க கிட்ட இதே ஆல்பம் பழைய எல்பி இருந்தா கையோட கொண்டாங்க, ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கலாம்.