தாளுக்கு ஒரு மேற்கோள்: ஒரு தினசரி காலண்டரைப் பற்றி

ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் ஆகியவற்றோடு நாளுக்கு ஓர் இலக்கிய வரியையும் அச்சிட்டிருக்கும் தினசரி காலண்டர் ஒன்றைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கி, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். தாள் நல்ல தடிமன். கிழிக்கும்போது ஓரம் பிசிறுவதில்லை. கொடுத்த காசுக்குக் குறையில்லை.

வரிகளைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல செவியுடையவர். குறளுக்கே முதலிடம் தந்திருக்கிறார். ஏழே சீரில் முடிந்துவிடுவதால் அது சின்னத் தாளிலும் வெட்டுப்படாமல் அடங்குகிறது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்பதில் ‘பொருள்’ மூன்று முறை திரும்பி வர, எப்பொருளும் மெய்ப்பொருளும் எதுகையால் பூட்டிக்கொள்வதால், கருத்து விளங்குவதற்கு முன்பே வாய் அதைச் சொல்லப் பழகிவிடுகிறது. இடையிடையே செருகியிருக்கும் தன்னம்பிக்கைப் பொன்மொழிகளோ மாலைக்குள் மறந்துபோகின்றன. கிழித்த தாள்களில் என் அம்மா எடுத்து வைப்பவை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமானவை; புதிய வரி ஒன்றுகூட அவற்றில் இல்லை. தெரிந்த வரியை மறுபடி சந்திக்கும் மகிழ்ச்சியே மேற்கோள்களை வாழவைக்கிறது என்று நான் கருதுவது அதனால்தான்.

ஆனால், வரி எங்கிருந்து வந்தது என்பதில் இந்தக் காலண்டர் காட்டும் அலட்சியம் பொறுக்கத்தக்கதல்ல. 13 அடிகள் கொண்ட புறநானூற்று 192ஆம் பாடலில் ‘யாதும் ஊரே’ என்ற முதலடி மட்டும் தனியே நிற்கிறது; ஆற்றுவெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் தெப்பத்தைக் காட்டி, பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று கணியன் பூங்குன்றனார் முடிப்பதை அறிய வழியில்லை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதற்குக் கீழே வெறுமனே ‘சங்கப் புலவர்’ என்று போட்டிருக்கிறார்கள். இயற்பெயர் தெரியாமல் போனவருக்கு அந்தத் தொடரே செம்புலப்பெயனீரார் என்று பெயராகிவிட்டது. குறுந்தொகை 40ஆம் பாடலில் இதைவிடச் சொல்லத் தகுந்த செய்தி வேறென்ன இருக்கிறது? ‘எங்கெங்குக் காணினும் சக்தியடா’ பாரதியார் பெயரில் வந்திருக்கிறது, பாடியவர் பாரதிதாசன். யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்ற குறளை அச்சிட்டவர்கள் தங்கள் தாள்களையும் ஒருமுறை ஆராய்ந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டும் இதையே வாங்குவேன். தேதி எண் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சற்றுச் சுருக்கினால் நூற்பெயருக்கும் பாடல் எண்ணுக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.