பழைய தண்ணீர்ச் சாணையா, மோட்டார் சாணையா?

சாணை பிடிக்கும் சூட்டில் உளியின் வாயில் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் நாலு தட்டில் மழுங்கும். நீலம் ஏறிய மட்டும் தேய்த்துக் கழிக்க வேண்டியதுதான்.

மோட்டார் சாணையில் இது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். ஆறு அங்குலக் கல் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பழைய தண்ணீர்ச் சாணையின் ஒன்றரை அடி மணற்கல் சக்கரத்தைக் கையால் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் ஒன்றரை மீட்டர்கூட வராது. தண்ணீரும் கூடவே ஓடுவதால் சூடு ஏற வழியே இல்லை.

அதற்காக மோட்டாரை ஒதுக்கிவிட முடியாது. கோடரிக்கும், வாய் உடைந்த உளிக்கும் அதுதான் சரி. எச்எஸ்எஸ் எனும் அதிவேக எஃகில் செய்த கடைசல் உளி நீலமானாலும் கெடாது. கார்பன் எஃகு என்றால் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கல் மாட்டுங்கள், சூடு குறையும். தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனையுங்கள்.

பழைய கல் கேட்பது பணத்தை அல்ல, கவனத்தை. வேலை முடிந்ததும் கல்லுக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை வடித்துவிட வேண்டும். நான் ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துவிட்டேன். தண்ணீரில் கிடந்த பக்கம் ஊறி மென்மையாகி, மற்றப் பக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தது. அப்புறம் சுற்றுக்கு ஒருமுறை உளி துள்ளியது. இரும்புக் குழாயை, உளி வைக்கும் தாங்கியில் அழுத்திப் பிடித்து, அண்ணன் மகனைக் கைப்பிடி சுற்றச் சொல்லி, மேடு தணியும்வரை செதுக்கினோம். முகமூடி கட்டாயம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள், கல்தூசு நுரையீரலில் படிந்து இளவயதிலேயே இறந்தார்கள்.

வாங்கும்போது அச்சுத் துளையைப் பாருங்கள். மரஆப்பு அடித்திருந்தால் அது தண்ணீரில் ஊறிப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். கீறல் உள்ள கல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய கல்லில் மோட்டார் பூட்டி வேகமாகச் சுற்றவும் கூடாது.

ஸ்வீடனின் டோர்மெக் நிறுவனம் செய்யும் மோட்டார் தண்ணீர்ச் சாணையும் இதே தத்துவம்தான்: அதன் டி-8 மாடலில் 250 மில்லிமீட்டர் கல், நிமிடத்துக்கு 90 சுற்று. கோணம் பிசகாமல் பிடிக்கப் பிடிப்பான்கள் உண்டு. விலைதான் கைக்கு எட்டாது. தினம் பத்துப் பேருக்குச் சாணை பிடிப்பவர் வாங்கலாம்.

என் இழைப்புளி அலகுகளுக்கு மணற்கல்தான். கல் எதிரே வர அலகைப் பிடிக்கும்போது தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் அது வாய்க்கு அடியில் நழுவிப் போகும். சாய்வு முழுவதும் கல்லில் படிந்து வாய்வரை தேய்ந்ததும், தண்ணீர் அலகின் மேலே ஏறி வழியும். அங்கே நிறுத்திவிட்டு, பிசிறைத் தீட்டுக்கல்லில் எடுத்தால் போதும்.